எழுத்தும் வாசிப்பும்: சூலகப் புற்றுநோயில் மரபணு வெளிப்பாட்டின் வரலாறு

மொழிப் பொழிவு வரிசையில் புற்றுநோய்க்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. ஒரு நோயைப் பற்றி மருத்துவர் கூறுவதும், அதனை நோயாளியின் குடும்பம் விளங்கிக்கொள்வதும் சொற்களின் வழியேதான் நிகழ்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு அச்சொற்கள் மூன்று மொழிகளைக் கடந்து வருகின்றன. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறுவதை உடன் சென்ற மகனோ மகளோ வீட்டு மூத்தோருக்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. நம் தமிழ்ப்பள்ளிகளோ ஆறாம் ஆண்டோடு நிறைவுறுகின்றன. உயிரணு, இனப்பெருக்கம், மரபியல் ஆகியவற்றை நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் வேற்றுமொழியில் கற்கின்றனர். ஆதலின், மிகவும் வேண்டிய வேளையில் தமிழ்ச்சொல் கைக்கு எட்டாமல் போகிறது. சில வேளைகளில் எட்டிய சொல்லே பிழையான பொருளைத் தந்துவிடுகிறது.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது சூலகப் புற்றுநோய். அந்நோய் தோன்றுவதில் மரபணுக்களின் வெளிப்பாடு மாறுபடுவதற்கு உள்ள பங்கினை ஆய்வாளர்கள் படிப்படியாக உணர்ந்த வரலாற்றை முதலில் காண்போம். பின்னர், அவ்வரலாறு ‘மரபணு’ என்னும் நம் சொல்லைப் பற்றி எழுப்பும் வினாவைக் காண்போம்.

உறுப்பின் பெயர்

பெண்ணின் உடலில் கருப்பையின் இருபுறமும் பாதாம் கொட்டை அளவில் அமைந்த இரு சிறிய உறுப்புகளே சூலகங்கள். சினைமுட்டைகள் அங்கே முதிர்ந்து வெளிப்படுகின்றன. இவ்வுறுப்பைத் தமிழர் ஒரே பெயரால் அழைப்பதில்லை. சூலகம், சூற்பை, சினைப்பை, கருவகம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் ‘சூலகம்’ என எழுதுவர். தமிழக மருத்துவமனைகளில் ‘சினைப்பை’ மிகுதியாக ஒலிக்கிறது. தாவரவியல் நூல்களில் ‘சூலகம்’ பூவின் உறுப்பையும் குறிக்கும்.

இரு பெயர்களின் வேர்களும் பழையவை. ‘சூல்’ என்பது கருக்கொள்ளுதலைக் குறித்த சொல். பெண்ணுக்கு மட்டுமன்றி, நெற்கதிருக்கும் மழைமுகிலுக்கும் புலவர்கள் அதனை ஆண்டனர். ‘சினை’ என்பது இலக்கணத்தில் முழுமையின் உறுப்பைக் குறிக்கும். மீன் சந்தையில் மீனின் முட்டைத்திரளைக் குறிக்கும். சொல்வளம் இங்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. பேச்சு வழக்கில் கருப்பை, கருப்பைவாய், சூலகம் ஆகிய மூன்றுக்கும் ‘கர்ப்பப்பை’ என்னும் ஒரே சொல் வந்து நின்றுவிடுகிறது. இம்மூன்றிலும் தோன்றும் புற்றுநோய்கள் வெவ்வேறானவை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பூசியாலும் முன்னறி பரிசோதனையாலும் பெருமளவு தடுக்கலாம். சூலகப் புற்றுநோய்க்கு அத்தகைய தடுப்பூசியும் இல்லை. நோய்க்குறி தோன்றாத பெண்கள் அனைவருக்கும் பரிந்துரைக்கத்தக்க பரிசோதனையும் இல்லை. ஒரு பெண் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டு, ‘கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லால் சூலகத்தைப் பற்றியும் கவலை நீங்கினால், அங்குப் பிழை செய்தது சொல்லே.

மேலை மருத்துவத்தைத் தமிழில் கூறும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார்; 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராசாசியும் பிறரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேப் பணிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்தோர் பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் குடியேறினர்; தமிழகத்திலிருந்து வந்தோர் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் சாலைப்பணியிலும் உழைத்தனர். இரு மரபுகளும் கலந்த இம்மண்ணில் இரு கலைச்சொல் மரபுகளும் ஒருங்கே வழங்குதல் வியப்பன்று.

கத்தியும் நுண்ணோக்கியும்

சூலகக் கட்டிகளைப் பற்றிய மேலை மருத்துவ வரலாறு அறுவையில் தொடங்குகிறது. 1809ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டான்வில் என்னும் சிற்றூரில், எப்ராயிம் மெக்டவல் என்னும் மருத்துவர் ஜேன் டாட் கிராபோர்டு என்னும் பெண்ணின் சூலகத்திலிருந்து சுமார் 22 பவுண்டு எடையுள்ள கட்டியை அகற்றினார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. அப்பெண் பிழைத்ததோடு, மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். கட்டியை அகற்றலாம் என்பது அன்று தெளிவாயிற்று. கட்டி எதனால், எங்கிருந்து தோன்றுகிறது என்பது தெளிவாகவில்லை.

அவ்வினாவை நுண்ணோக்கி எடுத்துக்கொண்டது. ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் வில்ஹெல்ம் வால்டெயர் 1870இல் சூலகத்தின் புறத்தோல் சார்ந்த கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். மொழி பயில்வோர் அவரைப் பிறிதொரு காரணத்துக்காகவும் நினைவிற் கொள்ளலாம். உயிரணுப் பிரிவின்போது சாயமேற்றப்பட்டுத் தெரியும் இழைகளுக்கு, நிறம், உடல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1888இல் ‘குரோமோசோம்’ எனப் பெயரிட்டவர் அவரே. இலங்கைத் தமிழர் அதனை ‘நிறமூர்த்தம்’ என மொழிபெயர்த்தனர். சூலகக் கட்டிகளை ஆராய்ந்த ஒருவரே, அந்நோயின் விடை உறைந்திருந்த இழைகளுக்கும் பெயர் தந்தார். அவ்விரண்டையும் இணைத்துக் காண மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

1971இல் எகிப்திய மருத்துவர் மகமூத் பதல்லா ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒவ்வொரு முறை சினைமுட்டை வெளிப்படும்போதும் சூலகத்தின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது. ஓய்வின்றி இது நிகழ்வதே நோய்க்கு வழிவகுக்கிறது என்றார் அவர். மகப்பேறும் கருத்தடை மாத்திரையும் இந்நோயின் வாய்ப்பைக் குறைப்பதற்கு இது பொருத்தமான விளக்கமாக அமைந்தது. எனினும் உயிரணுவின் உள்ளே நிகழும் மாற்றம் யாது என்பதை இது கூறவில்லை.

‘ஜீன்’ என்பதும் ‘மரபணு’ என்பதும்

1909இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன், மரபுவழிப் பண்புகளுக்குக் காரணமான கூறினைக் குறிக்க ‘ஜீன்’ என்னும் சொல்லைப் படைத்தார். அக்கூறு எதனால் ஆனது என்பது அன்று யாருக்கும் தெரியாது. எனவே, எந்தக் கருதுகோளும் உள்ளே புகாத, குறுகிய, வெறுமையான சொல்லாக அது இருக்கவேண்டும் என அவர் விரும்பித் தேர்ந்தார்.

தமிழ் அதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. ‘மரபணு’ என்னும் சொல்லில் இரண்டு கருதுகோள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, அது மரபாக வருவது. மற்றொன்று, அது அணுப்போன்ற நுண்பொருள். அழகிய ஆக்கம்தான், மாணவர் மனத்தில் எளிதிற் பதியும். ஆனால் அச்சொல்லோடு ‘மாற்றம்’, ‘கோளாறு’ ஆகியவற்றைச் சேர்த்ததும் முன்னொட்டாய் நிற்கும் ‘மரபு’ முழுப்பொருளையும் ஆண்டுகொள்கிறது. ‘மரபணுக் கோளாறு’ எனக் கேட்கும் மூத்தோர் செவியில் ‘பரம்பரை வியாதி’ என்றே அது விழக்கூடும். நோயுற்ற பெண்ணின் துயரோடு, அவள் மகளின் திருமணப் பேச்சும் இதனால் இடர்ப்படலாம்.

மெய்ந்நிலை வேறு. மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கு வேதிக்கூறுகளால் எழுதப்பட்ட செய்திகள். நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே நூல்தான் உள்ளது. ஆயினும் கண்ணின் உயிரணு வேறு, கல்லீரலின் உயிரணு வேறு. காரணம், ஒவ்வோர் உயிரணுவும் அந்நூலின் எல்லாப் பக்கங்களையும் வாசிப்பதில்லை. வாசிக்கப்படும் மரபணு ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்பெற்று, அதன்வழிப் புரதம் உருவாகிறது. இதுவே மரபணு வெளிப்பாடு. எந்தப் பக்கத்தை எப்போது, எவ்வளவு வாசிப்பது என்பதை ஒழுங்குபடுத்தும் அமைப்பும் உண்டு என்பதை 1961இல் பாரிசு நகரின் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் நுண்ணுயிரில் விளக்கினர். அதற்காக 1965இல் ஆந்திரே இல்வோவுடன் நோபல் பரிசு பெற்றனர்.

எழுத்து ஒன்றாயிருக்க வாசிப்பு வேறுபடுதல் தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இடமும் அண்டையெழுத்தும் ஒலியை முடிவு செய்கின்றன. இதனினும் பொருத்தமான உவமை புள்ளி. ககரத்தின் தலையில் ஒரு புள்ளி இட்டால் அதனுள் இருந்த அகரம் அடங்கிவிடுகிறது. எழுத்தின் உருவில் வேறு மாற்றமில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியமே விதிக்கிறது. டி.என்.ஏ. இழையிலும் அத்தகைய புள்ளி உண்டு. ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் தொகுதி, மரபணுவின் தொடக்கப் பகுதியில் செறிந்து ஒட்டிக்கொண்டால், அம்மரபணு வாசிக்கப்படாமல் அடங்குகிறது. எழுத்துகள் அனைத்தும் இருந்தபடியே இருக்கின்றன. குரல் மட்டும் எழுவதில்லை. உவமைக்கு எல்லையும் உண்டு. புள்ளியை இடுபவர் எழுதுபவர். மெத்தில் குறியை இடுவன உயிரணுவின் நொதிகள். உடல் நலத்தோடிருக்கவும் அக்குறிகள் தேவை. அவை இடம் தவறி விழும்போதே கேடு விளைகிறது.

வெளிப்பாட்டை அளந்த காலம்

20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆய்வாளர் கவனம் எழுத்துப்பிழைகளின்மீதே இருந்தது. 1990இல் அமெரிக்க மரபியலறிஞர் மேரி-கிளேர் கிங், குடும்பங்களில் தொடர்ந்து வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளதெனக் காட்டினார். 1994இல் அம்மரபணு கண்டறியப்பட்டது, அதுவே பி.ஆர்.சி.ஏ. 1. அடுத்த ஆண்டு பி.ஆர்.சி.ஏ. 2 கண்டறியப்பட்டது. சிதைந்த டி.என்.ஏ. இழையைச் செப்பனிடும் பணியில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு. இவற்றில் பிறழ்வு இருப்பின் மார்பகப் புற்றுநோயோடு சூலகப் புற்றுநோயின் வாய்ப்பும் கூடுகிறது.

1995இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்வரிசைத் தகட்டினை வெளியிட்டனர். கண்ணாடித் தகட்டில் வரிசையாக வைத்த டி.என்.ஏ. துணுக்குகளின் உதவியால், பல மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே நேரத்தில் அளக்க இயன்றது. அதன் பின்னர், நலமான திசுவில் எந்த மரபணு உரக்க ஒலிக்கிறது, புற்றுத் திசுவில் எது அடங்கியுள்ளது என ஒப்பிட்டுக் காணும் ஆய்வுகள் பெருகின.

அவ்வாய்வுகள் தந்த ஒரு பெயர் மொழியியல் நோக்கில் சுவையானது. சூலகப் புற்றுநோயில் மிகுதியாக வெளிப்படும் மரபணுக்களுள் ஒன்று எச்.இ. 4. அப்பெயரின் விரிவு, ஆணின் விந்தகத்தின்மேல் சுருண்டு கிடக்கும் குழாயைக் குறிக்கும். 1991இல் முதன்முதலில் அங்கே கண்டதால் அப்பெயர் பெற்றது. இன்று பெண்களின் சூலகப் புற்றுநோயைப் பின்தொடரும் குருதிப் பரிசோதனைகளுள் அதுவும் ஒன்று. பெயர் பிறந்த இடம் வேறு, பொருள் பயன்படும் இடம் வேறு. ஒரு மரபணு ஓர் உறுப்புக்கே உரியதன்று, எங்கும் இருந்து சில இடங்களில் ஒலிப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2005இல் டெக்சாசு மாநில ஆய்வுக் குழு ஒன்று மற்றொரு புதிரை விளக்கிற்று. சூலகப் புற்றுக்கட்டிகள் சில கருக்குழாயின் திசுவையும், சில கருப்பையின் உட்தோலையும், சில கருப்பைவாயின் திசுவையும் ஒத்துத் தோன்றுவது நுண்ணோக்கியில் நெடுங்காலமாகக் காணப்பட்டது. கருவில் பெண்ணின் இனப்பெருக்கக் குழாய் வளரும்போது, எப்பகுதி எவ்வுறுப்பாக வேண்டும் என ஆணையிடுவன ஹாக்ஸ் மரபணுக்கள். சூலகத்தின் மேற்பரப்பில் இயல்பாக அடங்கியிருக்கும் இம்மரபணுக்கள் கட்டிகளில் வெளிப்படுவதையும், எது வெளிப்படுகிறதோ அதற்கேற்பக் கட்டியின் உருவம் அமைவதையும் அக்குழு எலிகளில் காட்டிற்று. இங்கே குற்றம் எழுத்திலன்று. இடமல்லா இடத்தில் எழுந்த வாசிப்பில்.

நோயின் பெயரே ஐயத்துக்கு உள்ளாகிய கட்டமும் வந்தது. 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், குடும்ப வரலாறு காரணமாக முன்னெச்சரிக்கையாக அறுவை செய்துகொண்ட பெண்களின் கருக்குழாய்களில் புற்றின் தொடக்க மாற்றங்களைக் கண்டனர். அடுத்துவந்த ஆண்டுகளில் பாஸ்டன் நகர நோயியலறிஞர்கள் இதனை வலுப்படுத்தினர். பெரும்பான்மையாகக் காணப்படும் கடுமையான வகைச் சூலகப் புற்றுநோய், பல பெண்களில் கருக்குழாயின் நுனியில் தோன்றிச் சூலகத்தில் பரவுகிறது என்பது இன்றைய கருத்து. 2014இல் திருத்தப்பட்ட அனைத்துலக நிலைப்பகுப்பு சூலகம், கருக்குழாய், வயிற்றுறை ஆகிய மூன்றின் புற்றுநோய்களையும் ஒருங்கே வைத்தது. பெயர் அப்படியே நிற்க, அது சுட்டும் பொருள் நகர்ந்துவிட்டது.

2011இல் அமெரிக்காவின் பெருந்திட்டம் ஒன்று அவ்வகைக் கட்டிகள் 489ஐ ஆராய்ந்து வெளியிட்டது. எழுத்துவரிசை பார்க்கப்பட்ட 316 கட்டிகளில் டி.பி. 53 என்னும் காவல் மரபணு நூற்றுக்கு 96இல் பிறழ்ந்திருந்தது. வெளிப்பாட்டின் அடிப்படையில் கட்டிகள் நான்கு வகையாகப் பிரிந்தன. நம் பொருளுக்கு இன்றியமையாதது அடுத்த செய்தி. நூற்றுக்குச் சுமார் 17 பேரிடம் பி.ஆர்.சி.ஏ. 1 அல்லது 2இல் பெற்றோர்வழி வந்த பிறழ்வு இருந்தது. மேலும் 3 பேரிடம் அப்பிறழ்வு கட்டியிலேயே புதிதாகத் தோன்றியிருந்தது. 11 பேரின் கட்டிகளில் பி.ஆர்.சி.ஏ. 1 மரபணுவின் எழுத்தில் பிழையில்லை; மெத்தில் குறியால் அது அடக்கப்பட்டிருந்தது. முதல் வகை குடும்பத்துக்குரிய செய்தி. மற்ற இரண்டும் பெரும்பாலும் அப்பெண்ணின் கட்டிக்கு மட்டுமே உரியவை. மூன்றையும் தமிழில் ‘மரபணு மாற்றம்’ என்றே நாம் சொல்லிவிடுகிறோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2014இல் ஓலாபரிப் என்னும் மருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. பி.ஆர்.சி.ஏ. பிறழ்வால் செப்பனிடும் திறன் இழந்த புற்று உயிரணுக்களின் மற்றொரு செப்பனிடும் வழியையும் அது அடைக்கிறது. ஆகவே, மரபணுப் பரிசோதனையின் விடை சிகிச்சையையே முடிவு செய்வதாயிற்று.

நம் நாட்டில் இத்துறையில் முன்னின்று உழைப்பது, சுபாங் ஜெயாவில் இயங்கும் மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம். பேராசிரியர் தியோ சூ ஹ்வாங் தலைமையில் அது மலாயாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மலேசியப் பெண்களின் மார்பக, சூலகப் புற்றுநோய் மரபியலை ஆராய்ந்து வந்துள்ளது. மேலைநாட்டு ஆய்வுகளில் ஆசியப் பெண்களின் பங்கு குறைவு என்பதால், மலாய், சீன, இந்தியப் பெண்களைப் பற்றிய இத்தரவுக்குத் தனி மதிப்புண்டு. இந்நிறுவனத்தாரும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவரும் பிறரும் இணைந்து நடத்திய ‘மேஜிக்’ ஆய்வு, சூலகப் புற்றுநோயாளிகளுக்குப் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை பற்றிய ஆலோசனையைச் சிகிச்சை தரும் மருத்துவரே வழங்க இயலுமா என்னும் வினாவை எடுத்துக்கொண்டது. மரபியல் ஆலோசகர்கள் மிகச் சிலரே உள்ள நாட்டில் இது காலத்துக்கேற்ற வினா.

அத்தகைய ஆலோசனை முழுவதும் சொற்களால் ஆனது. மருத்துவர் கையில் அங்கே ஊசியில்லை, கத்தியில்லை. ‘உங்களுக்கு வந்த மாற்றம் உங்கள் மகளுக்கும் இருக்கக்கூடும், அவர் பரிசோதித்துக்கொள்ளலாம்’ என்பது ஒரு செய்தி. ‘இம்மாற்றம் உங்கள் கட்டியில் மட்டும் தோன்றியது’ என்பது வேறொரு செய்தி. முதலாவதை மறைத்தால், காக்கத்தக்க ஒரு மகளைக் காவாது விடுகிறோம். இரண்டாவதை முதலாவதாக மயங்கினால், இல்லாத பழியை ஒரு குடும்பத்தின்மேல் ஏற்றுகிறோம். முதலாவதிலும் பழியில்லை என்பதை உடன் சொல்லியாக வேண்டும். பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வரும். மகனும் அதனைப் பெறக்கூடும். ‘பெண்வழிக் குறை’ என ஒதுக்குவதற்கு அறிவியலில் இடமில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கன

‘மரபணு’ என்னும் சொல்லை நீக்க வேண்டும் என நாம் கூறவில்லை. வேரூன்றிய சொல் அது. அதனோடு நிற்கும் அடைகளைத் தெளிவாக்கினால் போதும். பெற்றோர்வழி வருவதை ‘வழிவழிப் பிறழ்வு’ எனலாம். வாழ்நாளில் ஓர் உயிரணுவில் தோன்றுவதை ‘உடலிடைப் பிறழ்வு’ எனலாம். எழுத்து மாறாமல் வாசிப்பு மட்டும் மாறுவதை ‘வெளிப்பாட்டு மாற்றம்’ எனலாம். இவற்றினும் சிறந்த சொற்கள் ஆசிரியர்களிடமிருந்து வருமாயின் மகிழ்ந்து ஏற்போம். மூன்று பொருளுக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் இதற்கு இடமுண்டு. புள்ளியைப் பற்றிய பாடத்தில் மெத்தில் குறியை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மாணவர் அறிவியல் வகுப்பில் மலாயில் கற்ற பெண் உடலுறுப்புப் படத்துக்குத் தமிழ்ப்பெயர் எழுதும் பயிற்சியைத் தரலாம். கருப்பை, கருப்பைவாய், கருக்குழாய், சூலகம் ஆகிய நான்கையும் வேறுபடுத்தி எழுதத் தெரிந்த மாணவர், வீட்டில் தாயோ பாட்டியோ மருத்துவமனை செல்லும் நாளில் உதவியாய் நிற்பார். சில கிழமைகளாகத் தொடர்ந்து வயிறு உப்புதல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இந்நோயின் குறிகளாக இருக்கக்கூடும். ‘வாயுக்கோளாறு’ எனத் தள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அதே வகுப்பில் சொல்லலாம்.

மருத்துவரிடம் நம் மாணவர் தமிழ் மூத்தோர் சார்பில் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. புற்று எவ்வுறுப்பில் உள்ளது? கண்ட மாற்றம் வழிவழி வந்ததா, கட்டியில் மட்டும் உள்ளதா? குடும்பத்தில் வேறு யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்? இம்மூன்றையும் கேட்டு, விடையைப் பிழையின்றித் தமிழில் வீட்டாருக்கு எடுத்துரைக்கும் திறனை நம் வகுப்பறைகள் தருமாறு பாடங்களை அமைத்துக்கொள்வோம்.